அழைத்தும் ஏன் வரவில்லை?



இந்த மாதச் செய்திக்கு லூக்கா 14-ம் அதிகாரம் 16 முதல் 24 வரையுள்ள பகுதியை எடுத்திருக்கிறேன். வேதத்தைத் திறந்து ஒரு தடவை வாசித்துவிட்டு இதைத் தொடருங்கள். எழுத்து மங்கலாய்த் தெரிகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

ஒரு மனுஷன் பெரிய விருந்து பண்ணுகிறான். சாப்பாடு தயார், பந்தி தயார், அழைப்பும் முன்னமே போயாயிற்று. ஆள் அனுப்பிக் கூப்பிட்டால் ஒருவனும் வரவில்லை. ஒருவன் நிலம் வாங்கியிருக்கிறான், அதைப் போய்ப் பார்க்க வேண்டுமாம். இன்னொருவன் 5 ஏர் மாடு வாங்கியிருக்கிறான், அவைகளைச் சோதித்துப் பார்க்க வேண்டுமாம். மூன்றாமவனுக்கு இப்போதுதான் கலியாணம் ஆனது. இவர்களில் ஒருவனாவது பொய் சொன்னான் என்று ஆண்டவர் சொல்லவேயில்லை, கவனித்தீர்களா? நிலமும் உண்மை, மாடும் உண்மை, மனைவியும் உண்மை. ஆனாலும் பந்தி காலியாகக் கிடந்தது.

தேவபிள்ளைகளே, இதே மாதிரி ஒரு விருந்து நம்முடைய மதுரையிலேயே ஆயத்தமாயிற்று. அதற்கும் ஆள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று சில ஆராய்ச்சியாளர்கள் கிராமம் கிராமமாய்ப் போய் விசாரித்து எழுதி வைத்தார்கள். அவர்கள் எழுதினதை வாசித்தபோது, வேதம் மனுஷனைப் பற்றிச் சொல்வதையே இவர்கள் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்களே என்று எனக்குத் தோன்றியது.

டாக்டர் ஜி. வெங்கடசாமி அவர்களைப் பற்றிப் பெரியவர்கள் அநேகருக்குத் தெரிந்திருக்கும். 1918-ல் வடமலாபுரம் என்ற கிராமத்தில் பிறந்தவர். வாலிபத்திலேயே முடக்குவாதம் வந்து, விரல்களெல்லாம் கோணிப் போய், நீண்ட நாள் படுக்கையில் கிடந்தவர். அந்தக் கோணின விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் ஆப்பரேஷன் செய்தார். அரசு வேலையிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். 2006-ல் காலமானார். அவர் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர் அல்ல. ஸ்ரீ அரவிந்தரைக் குருவாகக் கொண்டவர்; ஆஸ்பத்திரிக்கு அந்தப் பெயர் வந்ததும் அதனால்தான். ஆனால், காயப்பட்டவனுக்கு எண்ணெய் வார்த்த சமாரியனும் எருசலேமுக்குப் போய்த் தொழுதுகொள்கிறவன் அல்லவே!

பணம் உள்ளவர் கொடுக்க, இல்லாதவருக்கு இலவசம் என்பது அங்கே ஏற்பாடு. ஊர் ஊராக முகாம் போட்டார்கள். நோட்டீஸ் அடித்து ஒட்டினார்கள், மைக் கட்டி அறிவித்தார்கள். டாக்டர் வருகிறார், மருந்து இலவசம், ஆப்பரேஷன் இலவசம். இதற்கு மேல் என்ன வேண்டும்? கூட்டம் அலைமோதியிருக்கும் என்றுதான் நீங்களும் நானும் நினைப்போம். ஆனால் லண்டன் ஆராய்ச்சியாளர்களும் நம் நாட்டவரும் சேர்ந்து கிராமங்களில் விசாரித்து 1999-ல் வெளியிட்ட ஆய்வு என்ன சொல்கிறது? கண் கோளாறு இருந்த பெரியவர்களில் முகாமுக்குப் போனவர்கள் நூற்றுக்கு 7 பேர்தான். 93 பேர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

படித்தவர்கள் இதைக் கேட்டதும் சட்டென்று ஒரு தீர்ப்புச் சொல்வார்கள். "பட்டிக்காட்டு ஜனங்கள், விவரம் தெரியாது, சோம்பல்" என்பார்கள். ஆராய்ச்சி செய்தவர்கள் அப்படித் தீர்த்துவிடாமல் உட்கார்ந்து கேட்டார்கள். எனக்குப் பிடித்தது அதுதான். கேட்டபோது வந்த பதில்கள் என்ன? பயம். செலவு. வீட்டுப் பொறுப்பு. வயதானால் கண் தெரியாமல் போவது இயற்கைதானே என்ற எண்ணம். எல்லாம் விதி என்ற சலிப்பு. தெரிகிற மட்டும் தெரிந்தால் போதும், சமாளித்துக்கொள்வேன் என்ற பேச்சு.

இதிலே செலவு என்ற பதிலைப் பாருங்கள். இலவசம் என்று சொன்ன பிறகு என்ன செலவு? டி. கல்லுப்பட்டியிலிருந்து திருமங்கலம் வழியாய் மதுரைக்கு பஸ் ஏறிப் போய் வருகிறவர்களுக்கு இது விளங்கும். கண் தெரியாதவர் தனியாய்ப் போக முடியாது, துணைக்கு ஒரு ஆள் வேண்டும். இரண்டு பேருக்கு பஸ் கட்டணம், சாப்பாடு. துணைக்குப் போகிறவருக்குக் காட்டு வேலைக் கூலி போச்சு. வீட்டிலே ஆடு மாடு இருந்தால் அதற்குத் தண்ணீர் காட்ட ஆள் தேட வேண்டும். இலவசம் என்பது கொடுக்கிறவனுடைய கணக்கு. வாங்கப் போகிறவனுடைய நோட்டிலே அது வேறே தொகையாய் இருக்கிறது. நான் வாரநாட்களில் உரக்கடையிலே கணக்கு எழுதுகிறவன், எனக்கு இந்த வித்தியாசம் நன்றாய்ப் புரியும்.

அரவிந்த் ஆஸ்பத்திரியார் அறிவிப்போடு நிறுத்திவிடவில்லை. முகாமுக்கு வந்தவர்களை வண்டியிலே மதுரைக்குக் கூட்டிப்போய், தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து, ஆப்பரேஷன் முடிந்தபின் திரும்பவும் ஊரிலே கொண்டுவந்து விடுகிற வழியை ஏற்படுத்தினார்கள். லூக்கா 14-ல் அந்த வீட்டெஜமான் என்ன செய்தான்? வராதவர்களைத் திட்டிக்கொண்டு பந்தியைச் சுருட்டிவிடவில்லை. ஊனரையும் குருடரையும் கூட்டிக்கொண்டு வரும்படி ஊழியக்காரனை வெளியே அனுப்பினான். கூப்பிடுகிறது வேறே, கூட்டிக்கொண்டு வருகிறது வேறே. நம்முடைய ஊழியமெல்லாம் பெரும்பாலும் கூப்பிடுகிறதோடு நின்றுவிடுகிறது. நோட்டீஸ் கொடுத்தாயிற்று, மைக் கட்டியாயிற்று, வராதவன் கடின இருதயக்காரன் என்று எழுதிவிடுகிறோம்!

இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். இது 1991-ல் வெளியானது. கிரிஜா பிரில்லியன்ட் என்ற அமெரிக்கச் சகோதரியும் அரவிந்த் ஆஸ்பத்திரியின் துளசிராஜ் அவர்களும் மற்றவர்களும் சேர்ந்து தென்னிந்தியக் கிராமங்களிலே செய்தது. ஜனங்களை ஆப்பரேஷனுக்குச் சம்மதிக்கவைக்க எந்த வழி நல்ல வழி என்று 8 விதமான முறைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். செலவு முழுவதையும் ஏற்பதா, பாதி ஏற்பதா? மைக்கில் அறிவிப்பதா, வீடு வீடாய்ப் போவதா? போவதென்றால் யார் போவது? அதிலே ஒரு வழி, ஏற்கெனவே கண் ஆப்பரேஷன் செய்துகொண்ட ஒருவரையே வீடு வீடாய் அனுப்புவது. அந்நாட்களில் ஆப்பரேஷன் செய்தவர்கள் பெரிய சோடா புட்டிக் கண்ணாடி போட்டிருப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? புரையோடு கண்ணின் லென்சையும் எடுத்துவிடுவார்கள், கண்ணாடி இல்லாமல் ஒன்றும் தெரியாது. கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கிற முறை ஏழைகளுக்கும் கிடைத்தது, 1992-ல் மதுரையிலே ஆரோலேப் என்ற தொழிற்சாலை ஆரம்பித்துக் குறைந்த விலைக்கு லென்ஸ் செய்த பிறகுதான்.

அந்தப் புட்டிக் கண்ணாடிக்காரர் டாக்டர் அல்ல, நர்சும் அல்ல. நம்மைப் போல ஒரு கிராமத்து ஆள். அவர் வாசல்படியில் வந்து உட்கார்ந்து, எனக்கு இப்படி இருந்தது, இப்படிச் செய்தார்கள், இப்போது இப்படித் தெரிகிறது என்று சொன்னது பலன் கொடுத்தது. பஸ், சாப்பாடு எல்லாச் செலவையும் ஏற்றுக்கொண்டதும் பலன் கொடுத்தது.

அல்லேலூயா! யோவான் 9-ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பரிசேயர்கள் அந்தக் குருடனாயிருந்த வாலிபனைப் பிடித்து உபதேசத்திலே குறுக்கு விசாரணை பண்ணுகிறார்கள். அவனுக்கு உபதேசம் தெரியாது. முன்னே பார்வை இல்லை, இப்போது இருக்கிறது, அதைத் தவிர வேறெதுவும் எனக்குத் தெரியாதய்யா என்கிற விதமாய் நின்றான். அந்த ஒரு வாக்குமூலத்தை அவர்களால் அசைக்க முடியவில்லை. சபையிலே இன்றைக்குச் சாட்சி நேரத்தை 5 நிமிஷமாய்ச் சுருக்கிவிட்டு, பிரசங்கத்தை ஒன்றரை மணி நேரம் இழுக்கிறோம். போகட்டும்.

இப்போது நம்ம ஊர் விஷயத்துக்கு வருகிறேன். நம்ம சபைத் தாயார் ஒருவர், பெயர் வேண்டாம், அவரே எழுதச் சொல்லி அனுமதி கொடுத்தபடியால் எழுதுகிறேன். இரண்டு கண்ணிலும் புரை. ஆராதனையிலே வசனம் வாசிக்கும்போது எல்லாரும் பக்கம் திருப்பினால் அவரும் திருப்புவார். ஆனால் ஒரு எழுத்தும் அவருக்குத் தெரியவில்லை. வெட்கத்துக்காக இரண்டு வருஷம் அப்படிச் செய்திருக்கிறார். காணிக்கைத் தட்டு வரும்போது பத்து ரூபாயா ஐம்பது ரூபாயா என்று தடவிப் பார்ப்பதை வைத்துத்தான் எனக்கு விஷயம் புரிந்தது.

வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "எனக்கு எதுக்கு பாஸ்டர் இனிமே கண்ணு? எத்தனை நாளைக்கு இருக்கப் போறேன்?" என்றார். இது முதல் பதில். இரண்டாம் தடவை போனபோது, "முத்தட்டும்னு சொன்னாங்க" என்றார். மூன்றாம் தடவை, "கண்ணுல கத்தி வைப்பாங்களாமே, இருக்கிற வெளிச்சமும் போயிட்டா?" என்றார். நான்காம் தடவைதான் உண்மை வெளியே வந்தது. "மருமக பருத்தி எடுக்கப் போறா. நான் இல்லேன்னா பேரனை யாரு பாக்குறது? என்னால அவளுக்குக் கூலி போகணுமா? வாய் திறந்து கேக்க எனக்கு மனசு வரல பாஸ்டர்." ஆய்விலே வந்த பதில்கள் அத்தனையும் இந்த ஒரு திண்ணையிலேயே வந்துவிட்டன. பெண்கள் ஆண்களைவிடக் குறைவாகவே கண் ஆப்பரேஷனுக்கு வருகிறார்கள் என்று பல தேசங்களில் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. காரணம் தேடி வெளிதேசம் போக வேண்டாம், நம் வீட்டு அடுப்படியிலே கேட்டால் போதும்.

இதற்குமேல் இன்னொன்றும் இருந்தது. வெளியிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார், கத்திக்குப் போகிறவன் விசுவாசத்தில் குறைந்தவன் என்று கூட்டத்தில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த வார்த்தை இந்தத் தாயாரின் நெஞ்சிலே ஆணியாய் இறங்கியிருந்தது. "ஜெபம் பண்ணியும் வரலேன்னா எம்மேல ஏதோ பாவம் இருக்குன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டார்.

சபையாரே, இந்த இடத்தில் நான் தெளிவாய் எழுத வேண்டும். கர்த்தர் சுகமாக்குகிறவர். நம் சபையிலேயே ஜெபத்தினால் சுகம் பெற்றவர்கள் இருக்கிறார்கள், அதை நான் எந்த மேடையிலும் சொல்லுவேன். ஆனால் எசேக்கியா ராஜாவுக்குக் கர்த்தர் ஆயுசைக் கூட்டிக் கொடுத்தபோது, ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைத்துக் கட்டச் சொன்னாரே (ஏசாயா 38:21), அது அவிசுவாசமா? லூக்கா ஒரு வைத்தியன், பவுல் அவரைப் பிரியமாய்க் குறிப்பிடுகிறார் (கொலோசெயர் 4:14), அவரை வேலையை விடச் சொன்னாரா? பிறவிக் குருடனுக்கு ஆண்டவர் சேறு பூசிக் குளத்துக்கு நடக்க வைத்தார், ஒரு வார்த்தை போதாதா அவருக்கு? நாகமானுக்கு வந்த கோபமும் இதுதான், யோர்தானில் முழுகுவது தன் எதிர்பார்ப்புக்குப் பொருந்தவில்லை (2 இராஜாக்கள் 5). கர்த்தர் எந்தக் கையால் சுகம் கொடுக்க வேண்டும் என்று நாம் அவருக்குக் கட்டளையிட முடியாது.

முற்றட்டும் என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படிச் சொன்னது உண்டு, அது பழைய ஆப்பரேஷன் முறைக்கு. இன்றைக்கு அப்படிக் காத்திருக்கத் தேவையில்லை. அதிகமாய் முற்றிவிட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, நரம்பு கெட்டு, பிறகு எந்த ஆப்பரேஷனாலும் பார்வை திரும்பாமல் போகலாம். ஜெபித்துக்கொண்டே இருங்கள், ஆனால் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

அந்தத் தாயாரை அசைத்தது என் பிரசங்கம் அல்ல. பக்கத்துத் தெருவிலே ஆடு மேய்க்கிற ஒரு பாட்டி, சபைக்கு வராதவர், கருப்புக் கண்ணாடியோடு ஒரு சாயங்காலம் திண்ணையிலே வந்து உட்கார்ந்தார். "ஊசி போடும்போது சுருக்குன்னுச்சு, அம்புட்டுத்தான் தாயி. மறுநாள் கட்டுப் பிரிச்சாக, என் கை ரேகை எனக்கே தெரிஞ்சுச்சு" என்றார். நான்கு தடவை நான் பேசியும் இறங்காதது அந்த இரண்டு வாக்கியத்திலே இறங்கிவிட்டது. நம் சகோதரிகளில் ஒருவர் பேரனை வைத்துக்கொண்டார், இன்னொருவர் கூடப் போனார். முதல் கண் முடிந்து வந்தபின் அந்தத் தாயார் சொன்ன முதல் சாட்சி என்ன தெரியுமா? "ஐயோ பாஸ்டர், வீடு இம்புட்டு அழுக்கா கெடந்துருக்கே, ஒருத்தரும் சொல்லலையே!" மருமகள் முகத்தை நான் பார்க்கவில்லை.

கடைசியாய் ஒரு ஆய்வு. இது பிரசங்கிகளுக்கும், வேதம் படிக்கிறவர்களுக்கும், எனக்கும் சேர்த்து. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் என்ற ஊரிலே இறையியல் கல்லூரி இருக்கிறது. டார்லி, பேட்சன் என்ற இரண்டு பேர் அங்கே 40 மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்து 1973-ல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு நல்ல சமாரியன் உவமையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள், மீதிப் பேருக்கு வேறு பொருள். பேசப் பக்கத்துக் கட்டிடத்துக்குப் போக வேண்டும். வழியிலே ஒரு ஆள் வாசல் ஓரம் சுருண்டு, இருமி முனகிக்கொண்டு கிடக்கிறான். அது அவர்களே ஏற்பாடு செய்த ஆள். மாணவர்களில் சிலருக்கு நேரம் இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள், சிலருக்கு ஏற்கெனவே தாமதம், ஓடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

நேரம் இருந்தவர்களில் 100-க்கு 63 பேர் உதவினார்கள். அவசரப்பட்டவர்களில் 10 பேர்தான். சமாரியனைப் பற்றிப் பேசப் போனதா, வேறே பேசப் போனதா என்பது சொல்லத்தக்க வித்தியாசம் உண்டாக்கவில்லை! சமாரியனைப் பற்றிப் பிரசங்கிக்க ஓடியவர்களில் சிலர் அந்த மனுஷனைத் தாண்டியே காலெடுத்து வைத்துப் போனார்கள். டிப்ளமோ படிக்கிற நாட்களில் பிரசங்க வகுப்பிலே எனக்குக் கொடுத்த முதல் பகுதியும் அதே லூக்கா 10-ம் அதிகாரம்தான் என்பதால், இதை வாசித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆசாரியனும் லேவியனும் இருதயம் கெட்டவர்கள் என்றுதான் எப்போதும் பிரசங்கிக்கிறோம். இந்த ஆய்வின்படி அவர்களுக்கு நேரமாகியிருந்திருக்கலாம். ஞாயிறு ஒரே நாளில் மூன்று கூட்டம், இரண்டு வீட்டு ஜெபம், ஒரு உபவாச ஜெபம் என்று ஓடுகிற நமக்கு, திண்ணையிலே நான்கு தடவை உட்கார நேரம் எங்கே இருக்கிறது?

மாற்கு 8-ம் அதிகாரத்தில் பெத்சாயிதா ஊர்க் குருடனை வாசியுங்கள். அவனாக வரவில்லை, வேறே ஆட்கள் கொண்டுவந்தார்கள். இயேசு அவன் கையைப் பிடித்து, ஊருக்கு வெளியே வரைக்கும் கூட்டிப் போனார். ஒரு குருடனோடு ஊர் எல்லை மட்டும் நடப்பதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? கல்லு இருந்தால் சொல்ல வேண்டும், பள்ளம் இருந்தால் நிறுத்த வேண்டும். உலகத்தையே இரட்சிக்க வந்தவர் அந்த மெதுவான நடையை நடந்தார். முதல் தொடுதலிலே மங்கலாய்த்தான் தெரிந்தது, இரண்டாம் தரமும் தொட்டார். அதற்கும் அவருக்கு நேரம் இருந்தது.

ஆகையால் வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலில் இரண்டு நோட்டு வைக்கிறோம். ஒன்றிலே, வீட்டில் கண் மங்கலாய் இருக்கிற பெரியவர்கள் பெயர். சபையார் மட்டுமல்ல, தெருவிலே யாராய் இருந்தாலும், எந்த மதமாய் இருந்தாலும் எழுதுங்கள். மருமகள்மார் தயவுசெய்து மாமியார் பெயரை நீங்களே எழுதிவிடுங்கள், அவர்கள் வாய்திறந்து கேட்க மாட்டார்கள். இரண்டாவது நோட்டிலே, கூடப் போய் ஒரு நாள் இருக்கக்கூடியவர்கள் பெயரும், பிள்ளைகளையோ ஆடு மாட்டையோ பார்த்துக்கொள்ளக் கூடியவர்கள் பெயரும். பஸ் செலவுக்குச் சபைக் காணிக்கையிலிருந்து ஒரு தொகை ஒதுக்க மூப்பர்கள் சம்மதித்துவிட்டார்கள். ஏற்கெனவே ஆப்பரேஷன் செய்துகொண்டவர்கள் ஞாயிறு காலையிலே முன்வரிசைக்கு வாருங்கள். அன்றைக்குச் சாட்சி நேரம் உங்களுடையது, நான் பிரசங்கத்தைக் குறைத்துக்கொள்கிறேன்.

கர்த்தருடைய ஊழியத்தில்,
உங்கள் சபைப் போதகர்,
டி. கல்லுப்பட்டி